பாடத்திட்டத்தை மாற்றினால் போதுமா? மருத்துவக் கல்வியும் சேவை ஆராய்ச்சியும்

#1 | வார்டுவாசி

மருத்துவக் கல்விச் சீர்திருத்தம் என்று பேச்சை எடுத்தாலே அது பாடத்திட்டத்தில் போய் நின்றுவிடுகிறது. உடற்கூறியலுக்கு எத்தனை மணி நேரம், எந்த வருடம் வார்டுக்கு அனுப்புவது, தேர்வை எப்படி நடத்துவது. இன்னொரு மூலையில் சுகாதார சேவை ஆராய்ச்சிக்காரர்கள் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்: யாருக்குச் சிகிச்சை போய்ச் சேருகிறது, யாருக்குச் சேரவில்லை, செலவழித்த பணத்துக்கு என்ன பலன். இரண்டு தரப்பும் ஒரே அமைச்சகத்தின் கீழ்தான் இருப்பார்கள். ஆனால் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவது அபூர்வம்.

இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் இருக்கும் பழைய சான்று, 1961ல் மருத்துவ ஆராய்ச்சியாளர் கெர் வைட்டும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்ட கட்டுரை. ஆயிரம் பெரியவர்களை ஒரு மாதம் கவனித்தால் 750 பேருக்கு ஏதாவது நோயோ காயமோ வருகிறது. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். 5 பேரை வேறொரு மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேருவது ஒரே ஒருவர்.

அந்த ஒருவரை வைத்துத்தான் நாம் எல்லோரும் மருத்துவம் படிக்கிறோம். மீதி 249 பேரைப் பார்க்க எங்கே கற்றுக்கொள்வது? 2001ல் அமெரிக்காவில் இந்தக் கணக்கை மறுபடி போட்டார்கள். கிட்டத்தட்ட அதே படம்தான் வந்தது, பல்கலைக்கழக மருத்துவமனையில் சேருவது ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு.

ஒரு நாட்டுக்குச் சீர்திருத்த வாய்ப்பு ஒரே முறைதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதில் கை வைப்பீர்கள்? பாடத்திலா, படிக்கும் இடத்திலா, ஆராய்ச்சிக்குப் பணம் போகும் வழியிலா?

#2 | ஓய்வுபெற்ற_பேரா

தம்பி, நல்ல கேள்வி. ஆனால் அந்த 249 பேரைப் பார்க்கப் போகிறவனுக்கு முதலில் மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும். அதை மறந்துவிட்டுப் பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது.

1910ல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கையைப் படியுங்கள். ஆய்வகம் இல்லாத கல்லூரி, பள்ளிப் படிப்பு முடிக்காதவனைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி, கட்டணம் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளும் ஆசிரியர்கள். அவர் மருத்துவர்கூட இல்லை, பள்ளிக்கூடம் நடத்தியவர். அந்த அறிக்கைக்குப் பின்னால் இருபத்தைந்து ஆண்டுகளில் கல்லூரிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. மிஞ்சியவை பல்கலைக்கழகத்தோடும் ஆய்வகத்தோடும் சேர்ந்தவை. இருபதாம் நூற்றாண்டின் மருத்துவம் அந்தச் சுத்திகரிப்பின் மேல்தான் நிற்கிறது.

சேவை ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது பெரும்பாலும் கணக்குப்பிள்ளை வேலை. அதை மருத்துவ மாணவன் தலையில் ஏற்றாதீர்கள்.

#3 | எண்கணக்கு

கணக்குப்பிள்ளை ஆஜர் :)

சார், ஃப்ளெக்ஸ்னர் கதையின் அடுத்த பாதியையும் சொல்லிவிடுங்கள். அப்போது அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கான மருத்துவக் கல்லூரிகள் ஏழு இருந்தன. அவர் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார், ஹோவர்ட், மெஹாரி. மற்ற ஐந்தும் மூடப்பட்டன. அங்கே படித்து வந்திருக்க வேண்டிய மருத்துவர்கள் எந்த மக்களைப் பார்த்திருப்பார்கள் என்று அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தரம் உயர்ந்தது உண்மை. யாருக்கு உயர்ந்தது என்பதுதான் சேவை ஆராய்ச்சி கேட்கும் கேள்வி.

கணக்குப்பிள்ளை வேலையால் என்ன பயன் என்பதற்கு ஒரு உதாரணம். 1934ல் நியூயார்க்கில் பள்ளிக் குழந்தைகள் ஆயிரம் பேரை எடுத்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரை மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு அறுவை சிகிச்சை தேவை என்றார்கள். தேவையில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டினார்கள், அதில் 99 பேருக்குத் தேவை. மிஞ்சிய 116 பேரை மூன்றாவது தடவை காட்டியபோது 51 பேருக்குத் தேவை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 45. குழந்தையின் தொண்டையைப் பார்த்து இந்த எண் வரவில்லை. மருத்துவர்கள் கற்றுக்கொண்ட பழக்கத்திலிருந்து வந்திருக்கிறது.

அப்புறம் 1973ல் ஜான் வென்பெர்க் வெர்மான்ட் மாநிலத்தில் ஊர் ஊராக எண்ணினார். டான்சில் அறுவை சிகிச்சை ஒரு பகுதியில் பத்தாயிரம் பேருக்கு 13, இன்னொரு பகுதியில் 151. நோய் அவ்வளவு மாறாது. மருத்துவர்கள்தான் மாறினார்கள். இது கல்வி பற்றிய தகவலா, சேவை பற்றிய தகவலா? என்னால் பிரிக்க முடியவில்லை.

#4 | நான்காம்_வருடம்

வணக்கம். நான் இன்னும் மாணவன், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும்.

நீங்கள் எந்தப் பாடத்தைச் சேர்த்தாலும் நாங்கள் தேர்வில் வருவதை மட்டும்தான் படிப்போம். சமூக மருத்துவத்தில் சேவை ஆராய்ச்சி பற்றி ஒரு அத்தியாயம் வந்தால் அதிலிருந்து ஐந்து மதிப்பெண் கேள்வி எது என்று பார்த்து, அதை மட்டும் மனப்பாடம் செய்வோம். இது குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன். தேர்வை மாற்றாமல் எதையும் மாற்ற முடியாது என்பது என் எண்ணம்.

#5 | எண்கணக்கு

தேர்வுக்கு வலு உண்டு, மறுக்கவில்லை. கனடாவில் ராபின் டாம்ப்ளின் குழு ஒன்டாரியோ, கியூபெக் மருத்துவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. உரிமத் தேர்வில் நோயாளியோடு பேசும் பகுதியில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் மேல் பின்னாளில் புகார்கள் அதிகம் வந்தன (2007ல் வெளியானது). ஆக, நல்ல தேர்வு எதையோ அளக்கிறது.

ஆனால் இதைப் பாருங்கள். 2009ல் டேவிட் ஆஷும் அவர் குழுவினரும் ஃப்ளோரிடா, நியூயார்க் மாநிலங்களில் ஏறக்குறைய 49 லட்சம் பிரசவங்களை எடுத்தார்கள். ஒவ்வொரு பிரசவத்தையும் பார்த்த மருத்துவர் முதுநிலைப் பயிற்சி எடுத்தது எங்கே என்று இணைத்தார்கள், மொத்தம் 107 பயிற்சி இடங்கள். இடங்களைச் சிக்கல் விகிதப்படி ஐந்து அடுக்காகப் பிரித்தபோது, மேல் அடுக்கில் படித்தவர்கள் பார்த்த தாய்மார்களில் நூற்றுக்கு 10.3 பேருக்குப் பெரிய சிக்கல். கீழ் அடுக்கில் படித்தவர்களிடம் 13.6. அவர்களுடைய உரிமத் தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்தும் வித்தியாசம் பெரிதாகக் குறையவில்லை.

தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கிய இருவர். ஒருவர் படித்த இடத்தில் சிக்கல் குறைவு, மற்றவர் படித்த இடத்தில் அதிகம். அதை இருவரும் பல வருடங்கள் தங்களோடு எடுத்துப் போகிறார்கள். செலவும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. அதிகம் செலவழிக்கும் பகுதியில் பயிற்சி எடுத்தவர்கள் பின்னாளில் வேறு பகுதிக்குப் போனாலும் அதிகம் செலவழிக்கிறார்கள் என்று 2014ல் வேறொரு ஆய்வு காட்டியது.

வார்டுவாசி கேட்ட கேள்விக்கு என் பதில்: இடம்.

#6 | வெறும்_நோயாளி

நான் மருத்துவர் இல்லை. சும்மா படித்துக்கொண்டு போகலாம் என்று வந்தேன்.

அந்த 10.3, 13.6 எண்களைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். எந்த மருத்துவர் எங்கே படித்தார் என்பது பலகையில் எழுதியிருக்கிறது. படித்த இடத்தில் சிக்கல் எவ்வளவு என்பது எங்கும் இல்லை. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு இதைக் கேட்பதில்லையா? படுக்கை எத்தனை, ஆசிரியர் எத்தனை, நூலகத்தில் நாற்காலி எத்தனை என்றுதான் கேட்பார்களோ?

#7 | கோப்புக்காரன்

ஏறக்குறைய அப்படித்தான். நான் நிர்வாகப் பக்கம் இருப்பவன். அங்கீகாரப் பரிசோதனையில் எண்ணக்கூடியதைத்தான் எண்ணுவார்கள், எண்ண எளிதானது நாற்காலி. நோயாளிக்கு என்ன ஆனது என்று எண்ண வேண்டுமானால் மருத்துவரின் பதிவெண், சிகிச்சைப் பதிவு, இறப்புப் பதிவு மூன்றையும் இணைக்க வேண்டும். பல நாடுகளில் மூன்றும் மூன்று துறைகளிடம் இருக்கின்றன. இணைத்துப் பார்க்க அனுமதி வாங்குவதற்குள் ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய நிதியாண்டு முடிந்துவிடும்.

#8 | ஓய்வுபெற்ற_பேரா

எண்கணக்கு சொன்ன மகப்பேறு ஆய்வு நல்ல ஆய்வு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து நீங்கள் இறங்கும் இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. சிக்கல் குறைவான இடத்தில் பயிற்சி கொடுங்கள் என்றால், அது பெரும்பாலும் நல்ல வசதியுள்ள பெரிய மருத்துவமனையாகத்தான் இருக்கும். வார்டுவாசி சொன்ன அந்த 249 பேரைப் பார்க்கக் கற்க வேண்டுமானால் மாணவனை வெளியே, சின்ன இடங்களுக்கு அனுப்ப வேண்டும். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? சின்ன இடத்தில் யார் சொல்லிக்கொடுப்பது? பத்து நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்பிக்கொண்டிருக்கும் மருத்துவருக்கு மாணவனை உட்கார வைத்து விளக்க நேரம் எங்கே?

#9 | வார்டுவாசி

சார், நியாயமான கேள்வி. பதில் ஓரளவு இருக்கிறது.

தென் ஆஸ்திரேலியாவில் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997ல் சில மாணவர்களை ஒரு முழு வருடம் ரிவர்லாண்ட் பகுதிக் குடும்ப மருத்துவர்களிடம் அனுப்பியது. ஒரு மாதம் அறுவை, ஒரு மாதம் மகப்பேறு என்ற சுழற்சி அங்கே கிடையாது. கர்ப்பிணியை முதல் பரிசோதனையில் பார்க்கும் மாணவன் பிரசவத்திலும் நிற்பான், குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போதும் இருப்பான். படிப்பு கெட்டுப்போகும் என்று பயந்தார்கள். வருடக் கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இருந்தவர்களைவிட இவர்கள் நன்றாகவே எழுதினார்கள். 2004ல் வெளியானது.

கனடாவில் வட ஒன்டாரியோ மருத்துவக் கல்லூரி 2005ல் தொடங்கியதே இந்த எண்ணத்தில்தான். சட்பரி, தண்டர் பே என்று இரண்டு இடத்தில் வளாகம், மாணவர்கள் பரந்து கிடக்கும் சின்ன ஊர்களில். ஜப்பானில் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் 1972லிருந்து வேறு வழியில் போகிறது. 47 மாகாணங்களிலிருந்தும் மாணவர்களை எடுக்கிறார்கள். படித்து முடித்துச் சொந்த மாகாணத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தால் கட்டணக் கடன் தள்ளுபடி.

ஆசிரியருக்கு நேரம் எங்கே என்கிறீர்கள். நேரத்துக்குப் பணம் கொடுத்தால்தான் வரும். இலவசமாகச் சொல்லிக்கொடு என்று எந்த நாட்டில் விட்டாலும் அது நடக்காது.

#10 | கோப்புக்காரன்

ஜப்பான் பெயர் வந்ததால் அந்த நாட்டின் இன்னொரு பக்கத்தையும் வைக்கிறேன். நல்லெண்ணத்தோடு கல்வியில் ஒரு திருகாணியைத் திருப்பினால் சேவையில் எங்கே ஓட்டை விழும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2004 வரை அங்கே படிப்பை முடித்தவர்களில் பெரும்பாலோர் தாங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் துறையிலேயே சேருவார்கள். அந்தத் துறையின் பேராசிரியர்தான் இளம் மருத்துவர்களைச் சுற்றுவட்டாரத்து மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்புவார். பழைய பண்ணையார் முறை என்று எல்லோரும் திட்டினார்கள், பயிற்சியும் குறுகலாக இருந்தது. 2004ல் இரண்டு வருடப் பொதுப் பயிற்சியைக் கட்டாயமாக்கி, விருப்பப்படி இடம் தேர்ந்தெடுக்கும் முறை கொண்டுவந்தார்கள். கல்வி நோக்கில் பார்த்தால் அருமையான மாற்றம்.

இளைஞர்கள் பல்கலைக்கழக மருத்துவமனையை விட்டுவிட்டு நகரத்துப் பொது மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பல்கலைக்கழகத் துறைகளில் ஆள் குறைந்ததும், அவர்கள் ஊர்ப்புற மருத்துவமனைகளுக்கு அனுப்பியிருந்த மருத்துவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பல ஊர்களில் மகப்பேறு, குழந்தை மருத்துவப் பிரிவுகளுக்கு ஆள் இல்லாமல் போனது. அந்தப் பேராசிரியர் அதிகாரத்துக்குள்தான் ஊர்களுக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடும் ஒளிந்திருந்தது. அதை எடுக்கும் முன் அதன் வேலையை யார் செய்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

2007ல் பிரிட்டனிலும் இதே மாதிரி ஒரு விபத்து. முதுநிலைப் பயிற்சி முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்றி, விண்ணப்பங்களை நாடு முழுவதற்குமான ஒரே இணைய முறையில் வாங்கினார்கள். ஆயிரக்கணக்கான இளம் மருத்துவர்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கிப் போராடினார்கள். விண்ணப்பதாரர்களின் தனிப்பட்ட விவரங்கள்கூட வெளியே தெரிந்தன. சில மாதங்களில் முறையைக் கைவிட்டு, ஜான் டூக் தலைமையில் விசாரணை. ஒரு மாவட்டத்தில் ஒரு வருடம் சோதித்துப் பார்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

#11 | இரவுப்பணி

இவ்வளவு நேரம் படித்தேன். பத்து பதிவு தாண்டியும் 'மருத்துவக் கல்வி' என்றால் மருத்துவர் கல்வி மட்டும்தான் போலிருக்கிறது. நான் செவிலியர்.

நீங்கள் கேட்கும் மாதிரி ஆய்வு, கல்வியையும் நோயாளிக்கு நடந்ததையும் இணைக்கும் ஆய்வு, செவிலியர் துறையில் எப்போதோ நடந்துவிட்டது. லிண்டா ஐக்கன் 2002ல் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை எடுத்தார். ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சைக்குப் பின் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. 2014ல் ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் பார்த்தபோதும் அதே 7. அதோடு, பட்டப்படிப்பு முடித்த செவிலியர் பத்து சதவீதம் அதிகம் இருந்தால் இறப்பு வாய்ப்பு சுமார் 7 சதவீதம் குறைகிறது.

இந்த முடிவு மருத்துவக் கல்வி பற்றிய எந்தக் குழு அறிக்கையிலாவது முதல் பக்கத்தில் வந்து பார்த்திருக்கிறீர்களா? 2010ல் லான்செட் மருத்துவ இதழின் குழு ஒன்று மருத்துவர், செவிலியர் என்று எல்லாத் தொழிலையும் சேர்த்துப் படிக்க வைக்கச் சொல்லி எழுதியது. எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு மருத்துவருக்குத் தனிக்குழு, செவிலியருக்குத் தனிக்குழு என்று போட்டார்கள்.

#12 | நான்காம்_வருடம்

சிஸ்டர் சொன்னது சரி. எங்கள் வகுப்பில் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதச் சொல்லிக்கொடுப்பார்கள். அதை வீட்டில் யார் படித்து நோயாளிக்கு மாத்திரை கொடுக்கப்போகிறார்கள் என்று சொல்வது வார்டில் இருக்கும் சிஸ்டர்கள்தான்.

ஒரு சந்தேகம். பிரச்சினை சார்ந்த கற்றல் (விரிவுரைக்குப் பதிலாக ஒரு நோயாளியின் பிரச்சினையை வைத்துச் சிறு குழுவாகப் படிப்பது) வந்தபோது பெரிய புரட்சி என்றார்களே, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969லேயே தொடங்கியது. அது பலன் கொடுத்ததா இல்லையா?

#13 | எண்கணக்கு

தம்பி, அதைப் பற்றி ஒரு நூலகமே எழுதியிருக்கிறார்கள். சுருக்கமாக: மாணவர்களுக்குப் பிடித்திருந்தது. அறிவுத் தேர்வுகளில் பெரிய ஏற்றம் இல்லை. நோயாளிக்கு என்ன ஆனது என்று பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஒரு புது மாத்திரை இந்த அளவு சான்றோடு வந்திருந்தால் யாராவது அங்கீகாரம் கொடுத்திருப்பார்களா? கல்வி முறைக்கு மட்டும் நம்பிக்கை போதும் என்றாகிவிட்டது.

கல்விக் கொள்கையைச் சோதிக்கவே முடியாது என்று சிலர் சொல்வார்கள். அது பொய். அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களுக்கு 2003லிருந்து வாரத்துக்கு 80 மணி நேர வரம்பு. ஒரு ஷிஃப்ட் எவ்வளவு நீளலாம், நடுவில் எவ்வளவு ஓய்வு என்ற விதிகளும் அதன்மேல் அடுக்கப்பட்டன. நோயாளிக்கு நல்லதா கெட்டதா என்று சண்டை ஓயவில்லை. 2014ல் 117 அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பழைய விதி. மறுபாதிக்கு 80 மணி நேரம் அப்படியே, ஷிஃப்ட் விதி மட்டும் தளர்வு. நோயாளிகளின் இறப்பிலும் சிக்கலிலும் வித்தியாசம் இல்லை. தளர்வு பெற்ற பயிற்சியாளர்கள் குடும்பத்துக்கும் ஓய்வுக்கும் நேரம் குறைந்தது என்றார்கள். சண்டை முழுவதும் தீரவில்லை, ஆனால் எதைப் பற்றிச் சண்டை என்பது தெளிவானது.

#14 | ஓய்வுபெற்ற_பேரா

சரி, சோதனை நடத்தலாம். அதற்குப் பணம்? ஆள்? இப்போதே ஒவ்வொரு முதுநிலை மாணவனும் கட்டாயமாக ஒரு தீசிஸ் எழுதுகிறான். நான் வழிகாட்டிய தீசிஸ்களில் பத்தில் ஒன்றாவது உருப்படியா என்றால் தயங்குவேன். ஐம்பது நோயாளி, ஒரு கேள்வித்தாள், ஒரு புள்ளியியல் மென்பொருள், கட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். இன்னும் ஆராய்ச்சி வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அலமாரிதான் நிறையும்.

#15 | வார்டுவாசி

சார், இந்த விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். மருத்துவப் புள்ளியியலாளர் டக்ளஸ் ஆல்ட்மன் 1994லேயே எழுதிவிட்டார், குறைவான ஆராய்ச்சி, நல்ல ஆராய்ச்சி, சரியான காரணத்துக்காகச் செய்யும் ஆராய்ச்சி வேண்டும் என்று. கட்டாயத் தீசிஸ் மூன்றையும் உடைக்கிறது.

அதற்கு மாற்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லாண்ட்ஸில் அறுவை சிகிச்சைப் பயிற்சியாளர்கள் ஆளுக்கொரு சின்ன ஆய்வு என்பதை விட்டுவிட்டு, எல்லோரும் சேர்ந்து ஒரே ஆய்வு செய்தார்கள். வயிற்று அறுவை சிகிச்சையில் காயத்தின் விளிம்பைப் பாதுகாக்கும் ஒரு வளையத்தைப் போட்டால் தொற்று குறையுமா என்பது கேள்வி. பயிற்சியாளர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனை மாறுவார்கள். பொதுவாக அது ஆராய்ச்சிக்குத் தடை. இவர்கள் போகிற மருத்துவமனைக்கெல்லாம் ஆய்வையும் எடுத்துக்கொண்டு போனார்கள். 21 மருத்துவமனை, 760 நோயாளி. 2013ல் முடிவு: தொற்று இரண்டு பக்கமும் நூற்றுக்கு 25 அளவில்தான், வளையத்தால் பயன் இல்லை.

பயன் இல்லை என்று தெரிவதும் லாபம்தான், வாங்க வேண்டாமே. அந்த 760 பேர் ஆய்வைப் பதினைந்து தீசிஸாகப் பிரித்திருந்தால் ஒன்றிலிருந்தும் எதுவும் தெரிந்திருக்காது.

#16 | கோப்புக்காரன்

அந்த ஆய்வு நடந்ததற்கு ஒரு பின்னணி உண்டு, அது பணத்தைப் பற்றியது. பலருக்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் ஒரு நாட்டின் சீர்திருத்தம் என்று பேசினால் இதைத் தாண்டிப் போக முடியாது.

பிரிட்டனில் ஆராய்ச்சிக்கு என்று மருத்துவமனைகளுக்குப் போன பணம் நீண்ட காலம் சிகிச்சைப் பணத்தோடு கலந்தே கிடந்தது. பெரிய போதனா மருத்துவமனைகளுக்குப் பழைய வழக்கப்படி போகும், எதற்குச் செலவானது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1988ல் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று இதைக் கடுமையாக விமர்சித்தது. தேசிய சுகாதார சேவைக்குத் தன் கேள்விகளைத் தானே கேட்டு விடை தேடும் ஏற்பாடு இல்லை என்பது அதன் சாரம். 1991ல் மைக்கேல் பெக்கம் முதல் ஆராய்ச்சி இயக்குநராக வந்தார். சேவையின் மொத்தப் பணத்தில் 1.5 சதவீதத்தை ஆராய்ச்சிக்குக் கொண்டுவருவது இலக்கு. 1994ல் கல்யர் குழு அந்தப் பணத்தைத் தனியாகப் பிரித்து, வெளிப்படையாகக் காட்டச் சொன்னது. அதன்பிறகும் 2006ல் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் வரும்வரை பழைய மருத்துவமனைகள் பிடியைத் தளர்த்தவில்லை. பதினெட்டு வருடம்.

தாய்லாந்து இதைச் சீக்கிரமாகச் செய்தது என்பேன். 1992ல் சட்டம் போட்டு சுகாதார அமைப்பு ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார்கள். 2002ல் எல்லோருக்கும் மருத்துவக் காப்பு வந்தபோது, செலவு எவ்வளவு ஆகும், மருத்துவமனைக்குத் தலைக்கு எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் தயாராக இருந்தார்கள். அவர்களில் பலர் ஒரு காலத்தில் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். ஊர்ப்புறப் பணி அங்கே 1970களிலிருந்து கட்டாயம். ஊர்ப்புறத்துக்கென்றே மாணவர்களைத் தேர்ந்தெடுத்து அந்தப் பக்கத்து மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுக்கும் திட்டம் 1990களின் நடுவில் வந்தது. படித்த இடம், வேலை செய்த இடம், ஆராய்ச்சிக் கேள்வி மூன்றும் ஒரே மண்ணில் இருந்தன.

#17 | வெறும்_நோயாளி

தனி நிறுவனம் வைத்துவிட்டால் போதுமா? அரசுக்குப் பிடிக்காத விடை வந்தால்?

#18 | எண்கணக்கு

வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1989ல் சேவை ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய முகமை வைத்தார்கள். 1994ல் அது முதுகுவலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்தில் அறுவை சிகிச்சையோ ஸ்கேனோ தேவையில்லை என்பது அதன் பொருள். முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர்கள் சிலர் நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பிடித்தார்கள். 1995ல் முகமையையே மூடிவிடும் நிலை வந்தது. தப்பிப் பிழைத்தது, ஆனால் நிதியை வெட்டினார்கள். வழிகாட்டி எழுதும் வேலையை அது கைவிட்டது. 1999ல் பெயரும் மாறியது.

ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கையேந்தும் அமைப்பு முதுகுவலியைத் தொட்டாலே விழுந்துவிடும். சேவையின் மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

#19 | ஓய்வுபெற்ற_பேரா

இவ்வளவு படித்தபின் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். அடிப்படை அறிவியலைக் குறைக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை. மாணவர்களை ஒரு வருடம் வெளியே அனுப்புவதை ஏற்கிறேன், ஆசிரியருக்குச் சம்பளத்தோடு நேரம் ஒதுக்கினால். தீசிஸை எடுத்துவிட்டுக் கூட்டு ஆய்வு வைப்பதை வரவேற்கிறேன்.

ஆனால் எண்கணக்கு கேட்கும் அந்த இணைப்பு, எந்த மருத்துவர் எங்கே படித்தார், அவர் நோயாளிகளுக்கு என்ன ஆனது, அது எனக்குப் பயமாக இருக்கிறது. நியூயார்க்கில் இதய அறுவை சிகிச்சை நிபுணர்களின் பெயரைப் போட்டு இறப்பு விகிதம் வெளியிட்டார்களே, 1990களின் தொடக்கத்தில். மோசமான நிலையில் வரும் நோயாளியைத் தொடவே சிலர் தயங்கினார்கள் என்று அப்போதே பேச்சு வந்தது. கல்லூரிக்கும் அதே கதி நேரும். கஷ்டமான நோயாளிகள் வரும் மருத்துவமனை பட்டியலில் கீழே போகும், நல்ல மாணவர்கள் அங்கே சேர மாட்டார்கள்.

#20 | எண்கணக்கு

சார், அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் பெயர் வேண்டாம் என்கிறேன். தனி மருத்துவர் அளவில் எதையும் வெளியிடக் கூடாது. பயிற்சி இடம் என்ற அளவில், குறைந்தது ஐந்து வருடப் பட்டதாரிகளைச் சேர்த்து, நோயாளியின் வயதும் நோயின் தீவிரமும் கழித்த பின்னால்தான் எண். அதுவும் முதலில் அந்தக் கல்லூரிக்கும் அங்கீகார அமைப்புக்கும் மட்டும். இரண்டு சுற்று பார்த்துவிட்டு வெளியிடலாமா என்று முடிவு செய்யலாம்.

பட்டியலில் கீழே இருக்கும் இடத்துக்கு இருக்கையைக் குறைப்பது தண்டனை. கூடுதல் ஆசிரியர்களையும் செவிலியர்களையும் அனுப்புவது சீர்திருத்தம். எதைச் செய்யப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் எந்தக் கல்லூரி முதல்வரும் எண்ணை மறைக்க மாட்டார்.

#21 | இரவுப்பணி

ஆசிரியரோடு செவிலியரையும் சேர்த்ததற்கு நன்றி. அந்த எண்ணைப் போடும்போது அந்த வார்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி என்பதையும் பக்கத்துக் கட்டத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் ஆள் பற்றாக்குறையால் வந்த சிக்கலைப் பயிற்சியின் குறை என்று எழுதிவிடுவீர்கள்.

#22 | கோப்புக்காரன்

அந்தக் கட்டத்துக்கான தகவல் பெரும்பாலான இடங்களில் ஏற்கெனவே பணிப்பட்டியலில் இருக்கிறது, காகிதத்தில். முதல் வருடச் செலவு அதைக் கணினியில் ஏற்றுவதற்குத்தான் போகும். பதிவெண்ணை இணைப்பதற்குத் தனிச் சட்டம் தேவையா, விதித் திருத்தம் போதுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். சட்டம் என்றால் மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஓரிரு மாவட்டங்களில் சம்மதம் கொடுத்த பயிற்சி மருத்துவர்களை மட்டும் வைத்து ஆரம்பிக்கலாம்.

#23 | நான்காம்_வருடம்

சம்மதப் படிவம் வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் அதுவும் தேர்வில் வருமா என்று என் பக்கத்தில் இருப்பவன் கேட்கிறான்.